முதல் வாய்ப்பை விட்டுக் கொடுக்கலாமா?

குட்டீஸ்! தெருவில் விளையாட ஆள் பிரிக்கும்போது என்ன செய்வீர்கள்? இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். 'பூவா, தலையா' போட்டு ஜெயித்தவர் முதலில் ஆளைக் கூப்பிடுவார். யாரைக் கூப்பிடுவார்? இருப்பவர்களிலேயே நன்றாக ஆடுபவரைத்தான்!

அந்த நேரத்தில் எதிர் கேப்டன் வந்து, "முதல்ல கூப்பிடற வாய்ப்பை எனக்குக் கொடு. அதுக்குப் பதிலா அடுத்த ரெண்டு பேரையும் நீயே எடுத்துக்கோ" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒரு சூரப்புலி வேண்டுமா? சுமாராக ஆடும் இரண்டு பேர் வேண்டுமா?

சட்டென்று பதில் சொல்லி விடாதீர்கள். கோடி கோடியாகப் பணம் புரளும் ஐஸ் ஹாக்கி அணிகளே இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தலையைப் பிய்த்துக் கொள்கின்றன!

2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களைத் தேர்வு செய்யும் விழா நடந்தது. பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் என்ற அணியிடம், 12வதாக ஒரு வீரரை எடுக்கும் வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பைப் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் என்ற அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடம் இருந்த 22வது, 31வது வாய்ப்புகளை வாங்கிக் கொண்டது. இரண்டும் பென்சில்வேனியா மாநிலத்து அணிகள். ஒன்றை ஒன்று கண்டாலே ஆகாத பரம எதிரிகள்! அப்படிப்பட்டவர்கள் கைகுலுக்கிப் பேரம் பேசினார்கள் என்றால், இருவருமே தங்களுக்குத்தான் லாபம் என்று நினைத்திருக்க வேண்டும், இல்லையா?

அது எப்படி ஒரே பேரத்தில் இரண்டு பேருக்கும் லாபம் வரும்? பார்க்கலாம், வாருங்கள்.

தோற்றவருக்கு முதல் மரியாதை!

நமக்குத் தெரிந்த ஹாக்கி மைதானத்தில் ஆடுவது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 'ஹாக்கி' என்றாலே பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கிதான். ஒரு அணிக்கு ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள். காலில் சறுக்குக் காலணி, கையில் மட்டை. பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு.

இந்த விளையாட்டின் மிகப் பெரிய போட்டித் தொடர் நேஷனல் ஹாக்கி லீக். சுருக்கமாக என்.எச்.எல். 1917ல் தொடங்கியது. இப்போது அமெரிக்காவில் 25, கனடாவில் 7 என மொத்தம் 32 அணிகள். வெல்பவருக்கு ஸ்டான்லி கோப்பை.

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் வீரர்களை ஏலம் விடுகிறார்கள் அல்லவா? என்.எச்.எல்.லில் இளம் வீரர்களுக்கு ஏலம் கிடையாது. அதற்குப் பதில் 'டிராஃப்ட்' என்ற முறை இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எல்லா அணிகளும் வரிசைப்படி ஒவ்வொரு வீரராக எடுத்துக் கொள்ளும். இப்போது ஏழு சுற்றுகள் நடக்கின்றன.

வேடிக்கை என்ன தெரியுமா? முந்தைய பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிகள்தான் வரிசையில் முன்னால் நிற்கும்! ஜெயித்த அணிக்கே நல்ல வீரர்களும் போய்க்கொண்டிருந்தால், தோற்ற அணி தோற்றுக் கொண்டேதானே இருக்கும்? அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

'அப்படியானால் வேண்டுமென்றே தோற்று, கடைசி இடத்துக்குப் போய்விடலாமே!' என்று யாராவது குறுக்குப் புத்தியோடு யோசிக்கலாம். அதற்கும் ஒரு பூட்டு உண்டு. முதல் வாய்ப்பு யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். கடைசி இடம் பிடித்த அணிக்கு அதிர்ஷ்டம் அடிக்க அதிக வாய்ப்பு உண்டு. ஆனால் நிச்சயம் இல்லை. 2025ல் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணிக்கு முதல் வாய்ப்புக் கிடைக்க நூற்றுக்கு மூன்றரை பங்குதான் சாத்தியம் இருந்தது. குலுக்கலில் அவர்களுக்கே விழுந்தது! மேத்யூ ஷேஃபர் என்ற 17 வயது வீரரை எடுத்துக் கொண்டார்கள்.

ஃபுளோரிடாவின் கதை

இப்படி அதிர்ஷ்டத்தில் கிடைத்த முதல் வாய்ப்பை, ஒரே அணி இரண்டு வருடம் அடுத்தடுத்து விட்டுக் கொடுத்திருக்கிறது. அது ஃபுளோரிடா பேந்தர்ஸ்.

2002ல் முதல் வாய்ப்பைக் கொலம்பஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களின் 3வது வாய்ப்பை வாங்கியது. கூடவே, "2003ல் விரும்பினால் உங்கள் முதல் சுற்று வாய்ப்பும் எங்களுடையதும் இடம் மாறலாம்" என்ற உரிமையும் கிடைத்தது. நல்ல பேரம் போலத்தான் தெரிந்தது. ஆனால், 2003ல் ஃபுளோரிடாவுக்கே முதல் வாய்ப்புக் கிடைத்துவிட்டது. கொலம்பஸிடம் இருந்ததோ 4வது. ஒன்றைக் கொடுத்து நான்கை யாராவது வாங்குவார்களா? அந்த உரிமை செல்லாக் காசாகப் போனது!

அந்த 2003ல் என்ன செய்தது ஃபுளோரிடா? மறுபடியும் முதல் வாய்ப்பை விட்டுக் கொடுத்தது! இந்த முறை பிட்ஸ்பர்க் அணிக்கு. கூடவே 73வது வாய்ப்பையும் கொடுத்தது. பதிலுக்கு 3வது வாய்ப்பும், 55வது வாய்ப்பும், மைக்கேல் சாமுவெல்சன் என்ற வீரரும் கிடைத்தார்கள்.

பிட்ஸ்பர்க் எடுத்தது மார்க் ஆந்த்ரே ஃப்ளூரி என்ற 18 வயது கோல்கீப்பரை. அவர் அந்த அணியுடன் 2009, 2016, 2017 என மூன்று முறை ஸ்டான்லி கோப்பையை வென்றார். 2025ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 575 வெற்றிகள். என்.எச்.எல். வரலாற்றில் அவரைவிட அதிக வெற்றி கண்ட கோல்கீப்பர் ஒரே ஒருவர்தான்!

ஃபுளோரிடா எடுத்தது நேதன் ஹார்ட்டன் என்ற முன்கள வீரரை. அவரும் மோசம் இல்லை. தொடர்ந்து பல பருவங்களில் 20 கோல்களுக்கு மேல் அடித்தவர். ஆனால் 2010ல் அவரைப் பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே பாஸ்டன் கோப்பையை வென்றது! ஃபுளோரிடாவோ 2000க்குப் பிறகு, 2012 வரை பிளே ஆஃப் சுற்றையே எட்டிப் பார்க்கவில்லை. ரசிகர்கள் எத்தனை வருடம் காத்திருந்தார்கள், பாருங்கள்.

அப்படியானால் அவர்கள் செய்தது முட்டாள்தனமா?

பொறுங்கள்! இங்கேதான் நாம் கவனமாக யோசிக்க வேண்டும்.

2003ல் ஃபுளோரிடாவிடம் ஏற்கெனவே ராபர்ட்டோ லுவாங்கோ என்ற அருமையான கோல்கீப்பர் இருந்தார். வயது 24தான். இன்னும் பல வருடம் ஆடக்கூடியவர். அதனால் இன்னொரு கோல்கீப்பர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கோல் அடிக்க ஆள்தான் தேவை. பிட்ஸ்பர்க்குக்கோ கோல்கீப்பர் தேவை. ஒரே பேரம் இருவருக்கும் லாபமாகத் தெரிவது இப்படித்தான். உங்களிடம் இரண்டு பேனா இருந்து பென்சில் இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு பென்சில் இருந்து பேனா இல்லை என்றால் மாற்றிக் கொள்வீர்கள் அல்லவா?

ஆக, ஃபுளோரிடா சொன்ன காரணம் நியாயமானதுதான். பிழை எங்கே? ஒன்று, விலை. இரண்டு இடம் இறங்கியதற்கு அவர்கள் பெற்றது ரொம்பக் கொஞ்சம். இரண்டு, பொறுமை. எந்த லுவாங்கோ இருக்கிறார் என்று ஃப்ளூரியை விட்டார்களோ, அதே லுவாங்கோவை 2006ல் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்!

மூன்று இடம் இறங்கியதால்...

முதல் வாய்ப்பில்தான் இந்த ஆபத்து என்று நினைக்காதீர்கள். 2008ல் நாஷ்வில் அணியிடம் 15வது வாய்ப்பு இருந்தது. ஒட்டாவா அணி வந்து, "எங்கள் 18வது வாய்ப்பையும், அடுத்த வருடத்து மூன்றாம் சுற்று வாய்ப்பையும் தருகிறோம்" என்றது. மூன்றே மூன்று இடம்தானே என்று நாஷ்வில் சம்மதித்தது.

15வதாக ஒட்டாவா எடுத்தது எரிக் கார்ல்சன் என்ற ஸ்வீடன் நாட்டு வீரரை. அவர் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை 2012, 2015, 2023 என மூன்று முறை வென்றார். 18வதாக நாஷ்வில் எடுத்த கோல்கீப்பரோ, என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அதே நாளில் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணி 5வது வாய்ப்பைக் கொடுத்து 7வதுக்கு இறங்கியது. பிறகு 7வதையும் கொடுத்து 9வதுக்கு இறங்கியது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூடுதல் வாய்ப்புகளை வாங்கிக் கொண்டது. கடைசியில் அவர்கள் எடுத்த ஜாஷ் பெய்லி, அந்த ஒரே அணிக்காக ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்! ஒரே நாள், ஒரே விளையாட்டு. ஒருவருக்குக் கசப்பு, ஒருவருக்கு இனிப்பு.

ஏன் இப்படி? 17, 18 வயதுப் பையன்கள் 25 வயதில் எப்படி ஆடுவார்கள் என்பதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. சிலர் வளர்வார்கள், சிலருக்குக் காயம் படும், சிலருக்கு ஆர்வம் குறையும். 2003 டிராஃப்டையே எடுத்துக் கொள்ளுங்கள். பாஸ்டனின் புகழ்பெற்ற வீரர் பாட்ரிஸ் பெர்ஜெரான் 45வது. கனடாவுக்காக இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஷே வெபர் 49வது. ஜோ பவெல்ஸ்கி 205வது! இவர்களை முன்னாலேயே எடுத்திருக்கக்கூடிய அணிகள் எத்தனை!

'இரண்டு பேரை எடுத்தால் ஒருவராவது தேறுவார்' என்று பின்னால் இறங்கும் அணிகள் நினைப்பதற்கு இதுதான் காரணம். 'கண்ணெதிரே வைரம் இருக்கும்போது இரண்டு கூழாங்கற்களை ஏன் வாங்க வேண்டும்?' என்று முன்னால் நிற்கும் அணிகள் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது.

மூன்று கேள்விகள்

அப்படியானால் எப்படித்தான் முடிவு செய்வது? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. முன்னால் நிற்பவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி எவ்வளவு? மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றால், விட்டுக் கொடுக்கவே கூடாது. பத்துப் பேரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், இறங்கலாம்.

2. கிடைக்கும் விலை போதுமா? இறங்குகிற ஒவ்வொரு படிக்கும் கை நிறைய ஏதாவது கிடைக்க வேண்டும்.

3. இறங்கிய பிறகு யாரை எடுக்கப் போகிறோம் என்று தெரியுமா? அது தெரியாமல் இறங்குவது, போகும் ஊர் தெரியாமல் பஸ்ஸில் ஏறுவது போல.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், முதல் வாய்ப்பைக் கொடுப்பது பெரும்பாலும் தவறு. நடுவில் உள்ள வாய்ப்பைக் கொடுப்பது பெரும்பாலும் தவறில்லை. அணிகளும் இதைப் புரிந்து கொண்டதாகத் தெரிகிறது. 2003க்குப் பிறகு 2025 வரை நடந்த டிராஃப்ட்களில், எந்த அணியும் முதல் வாய்ப்பைக் கைமாற்றவில்லை.

ஃபுளோரிடாவும் பாடம் கற்றுக் கொண்டது! 2014ல் மறுபடி முதல் வாய்ப்புக் கிடைத்தபோது, கைவசமே வைத்துக் கொண்டு ஆரன் எக்பிளாடைத் தேர்வு செய்தது. 2024, 2025 என இரண்டு வருடம் தொடர்ந்து ஸ்டான்லி கோப்பையை வென்ற ஃபுளோரிடா அணியில் அவர் இருந்தார்.

பிட்ஸ்பர்க் என்ன ஆனது?

தொடக்கத்தில் பார்த்த பிட்ஸ்பர்க்குக்கு வருவோம். 22வது, 31வது வாய்ப்புகளை வாங்கியது அல்லவா? அதோடு நிற்கவில்லை. 31வதையும் தன்னிடம் இருந்த 59வதையும் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து, 24வதை வாங்கியது. அதாவது 12, 59 போய், 22, 24 வந்தது. அந்த இரண்டு வாய்ப்புகளில் பில் சோனன், வில் ஹார்காஃப் ஆகியோரை எடுத்தது. பிலடெல்பியா 12வதாக எடுத்தது ஜாக் நெஸ்பிட்டை.

யாருக்கு லாபம்? நான்கைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். ஆனால் ஒன்று, குட்டீஸ்... அன்று தெரிந்த விஷயங்களை வைத்து நன்றாக யோசித்து முடிவு எடுத்தார்களா என்பது ஒரு கேள்வி. பிறகு என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக் கொண்டால் யாரிடமும் நியாயமாக நடக்க முடியாது. நன்றாகப் படித்தும் சில சமயம் மதிப்பெண் குறைவது இல்லையா? அதற்காகப் படித்ததே தவறு என்று சொல்வோமா?

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. 12, 22, 205 என்று நாம் எண்களாகச் சொல்வது எல்லாம் உங்களைவிடக் கொஞ்சமே பெரிய அண்ணன்கள். பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்று அப்பா, அம்மா பக்கத்தில் நெஞ்சு படபடக்கக் காத்திருப்பவர்கள். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதுகூட அவர்கள் கையில் இல்லை. ஃபுளோரிடா அந்த இரண்டு கோப்பைகளையும் வென்றபோது கோல் காத்தவர் செர்கெய் பாப்ரோவ்ஸ்கி. அவர் எத்தனையாவது வாய்ப்பில் எடுக்கப்பட்டவர் தெரியுமா? எதிலும் இல்லை! டிராஃப்டில் எந்த அணியும் அவர் பெயரைக் கூப்பிடவே இல்லை.

இன்று மாலை ஆள் பிரிக்கும்போது முதலில் யாரைக் கூப்பிடுவது என்று நன்றாக யோசியுங்கள். கடைசியில் ஒருவர் தலைகுனிந்து நிற்பார் பாருங்கள், அவரையும் கொஞ்சம் சந்தோஷமாகவே கூப்பிடுங்கள்!

தெரிந்து கொள்ளுங்கள்!

* என்.எச்.எல். டிராஃப்ட் முதன்முதலில் நடந்தது 1963ல்.

* 2003 டிராஃப்டில் ஒன்பது சுற்றுகள். எடுக்கப்பட்ட வீரர்கள் 292 பேர்.

* டிராஃப்டில் இடம்பெற, அந்த வருடம் செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்ப வேண்டும். அதனால்தான் ஜூன் மாத விழாவில் 17 வயது வீரர்களையும் பார்க்க முடிகிறது.