கிளட்ச் பெடல் தானாக இறங்குகிறதா? பிளேட்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கார் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வாரமாக ரிவர்ஸ் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று சத்தம். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நின்றால், பெடல் மெல்ல இறங்குவது போல இருக்கிறது. மொத்த கிளட்ச் செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

கொஞ்சம் பொறுங்கள் மேடம். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளுமே பிளேட்டைவிட ஆயில் லைன் மீதுதான் அதிக சந்தேகத்தைக் கிளப்புகின்றன.

மாருதி 800 காலத்து கார்களில் பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே ஒரு கேபிள் இருக்கும். இன்று பல கார்களில் அந்த வேலையைச் செய்வது பிரேக் ஆயில். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளில் தண்ணீர் நிரப்பி, ஒரு டியூபால் இணைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே வரும். பெடலோடு இருக்கும் சிரிஞ்சுதான் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி புகுந்துவிட்டால்? நீங்கள் அழுத்தும் தூரத்தில் ஒரு பகுதி அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி இருப்பது இதனால்தான். மெக்கானிக்குகள் 'ஏர் பிடிச்சிருக்கு' என்பார்கள்.

கிளட்ச் தகராறு பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, வழுக்கும். அதாவது, மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி வேகம் எடுக்காது, கருகிய வாடை வரும். இதற்குப் பெரும்பாலும் பிளேட்தான் காரணம். செலவு செய்துதான் ஆக வேண்டும். இன்னொன்று, விடாது. பெடலை முழுதாக மிதித்த பிறகும் கிளட்ச் பிரியாமல் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். கியர் விழாது, ரிவர்ஸ் கத்தும். இந்த இரண்டாவது வகையில் ஹைட்ராலிக்கைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்குவது, பல்புக்கு பியூஸ் பார்க்காமல் வீட்டு வயரிங்கைப் பிடுங்குவது போலத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முதலில் பெடலுக்கு அடியில் மேட் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே ஒர்க் ஷாப் போய் வந்தவர்கள் உண்டு! பிறகு, சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்து, நான்கைந்து விநாடி விட்டு ரிவர்ஸ் போடுங்கள். கத்துகிறதா? நியூட்ரலுக்கு வந்து, பெடலை ஐந்தாறு முறை விட்டு விட்டு மிதித்து, மீண்டும் போடுங்கள். இப்போது சத்தமில்லாமல் விழுந்தால், பிளேட்டை விட்டுவிட்டு ஹைட்ராலிக்கைத்தான் பிடிக்க வேண்டும். காற்று புகுந்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம்.

எது என்று பிரித்தறிய இன்னொரு படி. பிரேக்கை அழுத்தியபடியே முதல் கியரில், கிளட்ச்சை முழுதாக மிதித்து அரை நிமிடம் காத்திருங்கள். பெடல் தானாகச் சரிந்து, வண்டி முன்னால் இழுக்கப் பார்த்தால், அழுத்தம் எங்கேயோ கசிகிறது. வெளியே சொட்டே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீலைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவுகிறது என்று பொருள். வாசகியின் சிக்னல் கதை இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பெடலை எத்தனை முறை மிதித்தும் மாற்றமே இல்லையா? அப்போது உள்ளே ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட் வரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, போன் டார்ச்சை எடுங்கள். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு 'மின்' கோட்டுக்கு மேலே இருக்கிறதா? பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: கிளட்ச் பிளேட் தேய்வதால் ஆயில் குறையாது. பிரேக் பேட் தேய்ந்தால் மெல்லக் குறையும். மளமளவென்று குறைந்தால் அது கசிவுதான். பெடல் தண்டு சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் ஓரம் நனைந்திருந்தால் ஸ்லேவ் சிலிண்டர். ஏ.சி. தண்ணீர் தெளிவாக இருக்கும்; பிரேக் ஆயில் லேசான மஞ்சளில் வழுவழுப்பாக இருக்கும். தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள். வண்டியின் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

ஒரே டப்பா என்றால் கசிவைச் சும்மா விடக் கூடாது. 40 கொண்டை ஊசி வளைவு உள்ள வால்பாறை பாதைக்கோ, 70 வளைவு உள்ள கொல்லிமலைக்கோ குடும்பத்தோடு கிளம்பும் முன், டாப்-அப் செய்தால் போதும் என்று நினைக்கவே வேண்டாம். டப்பாவில் கிளட்ச்சுக்கான குழாய் பெரும்பாலும் சற்று உயரத்தில் இருப்பதால், ஆயில் குறையும்போது முதலில் கிளட்ச் பலமிழக்கும். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் இருக்கும் ஓர் இடம் உண்டு. சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்காது, கியர்பாக்ஸுக்குள் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் வழியில்லை. கூலியே பெரிதாக ஆகும் வேலை. பிளேட்டும் பாதி தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுவது லாபம். இதே கணக்கில், பிளேட் மாற்றும்போது அந்த ஸ்லேவையும் மாற்றச் சொல்லுங்கள். ஆக, மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, என் வண்டியில ஸ்லேவ் வெளியிலயா, உள்ளயா?" வெளியே என்றால் அதையோ மாஸ்டரையோ மாற்றி, ஏர் எடுத்தால் வேலை முடிந்தது. செட் மாற்றுவதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

காலையில் நன்றாக இருந்து, மதிய வெயிலில் டிராஃபிக்கில் மட்டும் பெடல் தொளதொளவென்று ஆகிறதா? ஆயில் பழசாகியிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். சூட்டில் ஆவிக்குமிழி உண்டானால், அதுவும் காற்றுக்குமிழி மாதிரிதான். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள கணக்கே சரி. டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊதிப்போய், கிளட்ச், பிரேக் இரண்டையும் பிரித்து மாற்ற வேண்டி வரும். மூடி திறந்தே கிடந்த பழைய பாட்டிலும் வேண்டாம். சீல் உடைக்காத சின்ன பாட்டில் வாங்கி, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.