இரு மழை, இரு தவளை

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு மழையை இரு கூறாக்குகிறது. மேற்குச் சரிவைத் தென்மேற்குப் பருவம் நனைக்கிறது. கிழக்குச் சரிவை வடகிழக்குப் பருவம் உயிர்ப்பிக்கிறது. இம்மலையின் மண்ணடியில் கறையான் தின்று வாழும் ஊதாத் தவளைகளின் வாழ்வும் அவ்வாறே இரு கூறாகியுள்ளது.

கேரளத்தின் இடுக்கியில் வாழும் ஊதாத் தவளையை 2003-இல் அறிஞர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய அறிஞர் பிராங்கி போசைட்டும் உலகுக்கு அறிவித்தனர். அதன் நெருங்கிய உறவினங்கள் வாழ்வது கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில். இந்தப் பேரினத்தில் இஃதொன்றே உள்ளது என்று பதினான்கு ஆண்டுகள் கருதப்பட்டது. 2017-இல் திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் வாழும் மற்றோர் இனம் விவரிக்கப்பட்டு, மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரைப் பெற்றது.

தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். குரலிலும் மரபணுவிலும் வேறுபட்டவை. இனப்பெருக்கக் காலமோ முற்றிலும் வேறு. இடுக்கித் தவளை தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்தில் வெளிவருகிறது. திருவில்லிபுத்தூர்த் தவளை வடகிழக்குப் பருவத்தில் இணைகிறது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் இவை, முட்டையிடவே சில நாள் மேலே வருகின்றன. தலைப்பிரட்டைகள் உறிஞ்சுவாயால் ஓடைப்பாறையைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வளர்கின்றன. நடுவில் நீர் நின்றால் ஒரு தலைமுறையே அழியும்.

ஆகவே, ஓர் இனத்துக்கு வகுத்த காப்புமுறை மற்றதற்குப் பொருந்தாது. கிழக்குச் சரிவில் சூன் மாதம் தேடிவிட்டு, இங்கே தவளை இல்லை என்று எழுதும் அறிக்கை பொய்யுரையாகவே முடியும். அவ்வறிக்கையை நம்பித் தடுப்பணைக்கும் தோட்டங்களின் நீர்த்திருப்பத்துக்கும் இசைவு வழங்குவது, கண்டறியாமலே ஓர் உயிரைக் களைவதாகும்.

வரத்துக்கால் அடைபட்டால் பெய்த மழையும் ஏரி சேராது என்பதை ஏரிக்கரை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மலைத்தவளைக்கு ஓடை அத்தகையது.

2021-இல் அமைந்த திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இக்காட்டுக்கு அரண் தந்துள்ளது. அரண் மட்டும் போதாது. ஐப்பசி முதல் மார்கழி வரை ஓடைதோறும் கணக்கெடுப்பு நடத்துக. அக்கணக்கு முடியுமுன் கிழக்குச் சரிவின் எந்த ஓடையையும் மறிக்க இசைவளிக்கற்க. இதனைத் தமிழக அரசு ஆணையாகவே பிறப்பித்தல் வேண்டும்.