டீசலில் ஓடும் ராணுவ பைக்: ஓரகடம் ஏன் செய்யக்கூடாது?

"டீசல்ல ஓடுற புல்லட்டா? சும்மா கதை விடாதீங்க" என்பார்கள் ஓரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்கள். அவர்களுடைய அப்பாக்களைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். 1980-களிலும் 90-களிலும் என்ஃபீல்டு நிறுவனமே அப்படி ஒரு வண்டியை விற்றது. பெயர் டாரஸ். புல்லட்டின் உடம்பில் கிரீவ்ஸ் லொம்பார்தினியின் 325 சிசி டீசல் இன்ஜின். சக்தி வெறும் 6.5 குதிரைத்திறன். முறுக்கிப் பிடித்தாலும் 65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. ஆனா லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பால்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் அதுதானே வேணும்? தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு சத்தம், அவ்வளவு நடுக்கம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 2000-ஐ ஒட்டி அதன் கதை முடிந்தது.

முடிந்துபோன அந்தக் கதையை இப்போது கிளறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: ராணுவம்.

ராணுவத்துக்கு ஏன் டீசல் பைக்?

போர்முனையில் துப்பாக்கிக் குண்டைவிடப் பெரிய தலைவலி எரிபொருள். டாங்க், லாரி, ஜெனரேட்டர் எல்லாம் டீசலில் ஓடும்போது, நாலு பைக்குக்காகத் தனியாக பெட்ரோல் கேன் சுமப்பது வீண் வேலை. அதுவும் ஆபத்தான வேலை. பெட்ரோல் ஆவி கடும் குளிரிலும் தீப்பிடிக்கும். டீசல் அப்படி இல்லை. இதனால்தான் நேட்டோ நாடுகள் எல்லா வண்டிக்கும் ஒரே எரிபொருள் என்ற கொள்கைக்குப் போயின. விமான எரிபொருளான ஜேபி-8, டீசல் இன்ஜினிலும் ஓடும்.

அந்தக் கொள்கைக்குப் பொருந்தாமல் நின்றது பைக்தான். அமெரிக்க மரைன் படைக்காக ஹேய்ஸ் என்ற கலிஃபோர்னிய நிறுவனம், கவாசாகி கேஎல்ஆர் 650 வண்டியை எடுத்து, பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் வடிவமைத்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பொருத்தியது. எம்1030எம்1 என்று பெயர். சக்தி ஏறக்குறைய 30 குதிரைத்திறன், மைலேஜ் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் வாக்கில். காட்டுப் பாதையிலும் மணலிலும் ஓடியது. டாரஸோடு ஒப்பிட்டால் இது வேறு ஜாதி வண்டி. பொதுமக்களுக்கும் விற்போம் என்று சொன்னார்கள். ஷோரூம்களுக்கு அது வரவே இல்லை. கடைசி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன டீசல் இன்ஜின் ஏன் இவ்வளவு கஷ்டம்? டீசல் தீப்பொறியில் எரிவதில்லை, காற்றை அழுத்தி அழுத்திச் சூடேற்றினால்தான் எரியும். பெட்ரோல் இன்ஜினில் காற்று பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், டீசலில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்க எல்லா பாகமும் கனமாக வேண்டும். லாரியில் கனம் பரவாயில்லை. சேற்றில் விழுந்த பைக்கை ஒரு சிப்பாய் தனியாக நிமிர்த்த வேண்டுமே?

நம் ராணுவத்தின் நிலை

புல்லட்டின் இந்தியக் கதையே ராணுவத்தில்தான் தொடங்கியது. 1950-களின் தொடக்கத்தில் எல்லை ரோந்துக்காக வாங்கப்பட்ட வண்டி அது. பிறகு 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டணியில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் ஆலை வந்தது. இன்றைக்கு அந்த நிறுவனத்தின் பெரிய ஆலைகள் ஓரகடத்திலும் (2013) வல்லம் வடகாலிலும் (2017) இருக்கின்றன.

பெட்ரோல் தேவைப்படும் வண்டி ராணுவத்தில் பைக் மட்டும் அல்ல என்பதால் இத்தனை காலம் இந்தப் பிரச்சினை உறுத்தவில்லை. மாருதி ஜிப்சியும் பெட்ரோல் வண்டிதான். ஆனால் 2017-ல் ராணுவம் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அவை டீசல். ஜிப்சிகள் ஓய்வுபெறப் பெற, மலைமுகாமில் பெட்ரோல் கேட்டு நிற்கும் சில வண்டிகளில் ஒன்றாக பைக் மிஞ்சும்.

அதற்காக டீசல்தான் ஒரே விடை என்று குதிக்கவும் முடியாது. லடாக் குளிரில் சாதாரண டீசல் கூழாக உறைந்துவிடும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் அங்கே கொண்டுவந்தது. கார்துங் லா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். டர்போ இல்லாத டீசல் இன்ஜின் அங்கே கரும்புகை கக்கும், இழுக்காது. டாரஸை அப்படியே தூசு தட்டி மேலே ஏற்றினால் கேலிக்கூத்துதான்.

எலெக்ட்ரிக்? உளவுக்குப் போகும் வண்டிக்கு அந்த அமைதி பெரிய வரம். ஆனா கரண்ட் கம்பியே போகாத முகாமில் சார்ஜ் போட டீசல் ஜெனரேட்டரைத்தான் ஓட்டணும். சுற்றி வளைத்து அதே டீசல் டிரம்முக்கே வந்து நிற்கிறோம்.

யார் செய்வது?

ஓரகடத்தில் ஒரு வேடிக்கை. பாரத்பென்ஸ் லாரிகளுக்கான டீசல் இன்ஜின் டெய்ம்லர் ஆலையில் தயாராகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் மலையேறும் பைக் செய்யத் தெரிந்த ராயல் என்ஃபீல்டு. நடுவிலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி, சோதனை மையம், அதன் டெஸ்ட் டிராக்குகளோடு. இரண்டு திறமையும் ஒரே சாலையில் இருந்தும், இரண்டும் சேர்ந்த ஒரு சின்ன டீசல் இன்ஜின் மட்டும் இல்லை.

நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2024-25-ல் 10 லட்சம் பைக்குகளுக்கு மேல் விற்ற நிறுவனம், சில ஆயிரம் வண்டிக்காகத் தனி இன்ஜின் லைன் போடாது. ஹேய்ஸ் கதை சொல்வதும் அதுதான்: சிவிலியன் சந்தை இல்லாத வண்டி அது. பிஎஸ்-6 விதிக்குத் தகுந்த டீசல் கார் செய்வதே கட்டுப்படியாகாது என்று மாருதி 2020-ல் விலகியது. பைக்கில் யார் இறங்குவார்கள்? ஜெர்மனியில் சோமர் என்ற சிறு பட்டறை, புல்லட் சட்டத்தில் 462 சிசி ஹாட்ஸ் இன்ஜினைப் பொருத்தி டீசல் பைக் விற்றது. ரசிகர்களுக்கான கைவேலை அது.

எனவே முதலில் கேட்க வேண்டியவர் ராணுவம்தான். அதிலும் பைக்கைக் கேட்க வேண்டாம், இன்ஜினைக் கேட்கட்டும். 30 குதிரைத்திறனில், டர்போவோடு, டீசலும் விமான எரிபொருளும் இரண்டுமே குடிக்கிற, ஒருவர் தூக்கக்கூடிய இன்ஜின். அது கிடைத்தால் பைக்குக்கு மட்டுமல்ல, ட்ரோனுக்கும் முகாம் ஜெனரேட்டருக்கும் வழி பிறக்கும். அப்போது எண்ணிக்கையும் கட்டுப்படியாகும். வழிமுறையும் புதிதல்ல. பாதுகாப்புத் துறைக்கான புதிய கண்டுபிடிப்புகளுக்கு ஸ்டார்ட்-அப்களுக்கு நிதி தரும் ஐடெக்ஸ் திட்டம், 2018 ஏப்ரலில் திருவிடந்தை ராணுவத் தளவாடக் கண்காட்சியில்தான் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் வந்தது.

வழித்தடம் என்று பெயர் வைத்தாயிற்று, நிலமும் ஒதுக்கியாயிற்று. எத்தனை இன்ஜின், எத்தனை வருஷத்துக்கு வாங்குவோம் என்று எழுத்தில் ஒரு எண் டெல்லியிலிருந்து வர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் எந்த முதலாளியும் அச்சு வார்க்க ஆள் அனுப்புவார்.