நாமும் கஃபீல்கள்தாமோ?

ஓசூர்ச் சிப்காட்டை அடுத்த பள்ளிவாசல் ஒன்றில் அண்மையில் ஜும்ஆத் தொழுகை முடித்து வெளியே வந்தபோது, பீகார் மாநிலத்து இளைஞர் ஒருவர் நம்மை அணுகி ஸலாம் உரைத்து, மடித்த தாளொன்றை நீட்டினார். தமக்குத் தமிழ் தெரியாதென்றும், அதில் எழுதியிருப்பது யாதெனப் படித்துச் சொல்ல வேண்டுமென்றும் உருதுவில் கேட்டுக் கொண்டார். படித்தோம். ஊரிலிருந்து அவரை அழைத்து வந்த ரயில் கட்டணமும், தங்கியிருக்கும் அறையின் வாடகையும் அவர் வாங்கிய முன்பணமென்று கணக்கிடப்பட்டிருந்தன. அக்கடன் தீரும்வரை வேறெங்கும் வேலைக்குச் செல்வதில்லை என அவர் உறுதி கூறியிருந்தார்! அடியில் அவருடைய கையொப்பம். ஆதார் அட்டை எங்கே என வினவினோம். ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது என்றார்.

நாம் திடுக்கிட்டது அத்தாளின் கொடுமையைக் கண்டு மட்டுமன்று. அது நமக்கு மிகவும் பழக்கப்பட்ட தாளாக இருந்ததைக் கண்டு. அரபு மொழி கற்றவர் என்னும் ஒரே காரணத்தால், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, வளைகுடா செல்லும் நம் வட்டாரத்து இளைஞர்கள் தம் ஒப்பந்தங்களை நம்மிடம் கொணர்ந்து பொருள் கேட்டு வருகிறார்கள். அரபியில் எழுதியது தமிழருக்குப் புரியாது. தமிழில் எழுதியது பீகாரிக்குப் புரியாது. அங்கே பாஸ்போர்ட் கஃபீலின் பெட்டியில். இங்கே ஆதார் ஒப்பந்தக்காரரின் பெட்டியில். மொழி மாறியிருக்கிறது, மேசையின் பக்கம் மாறியிருக்கிறது. தாள் மாறவில்லை.

கஃபாலா என்பது இழிந்த சொல்லன்று. பிறனுடைய கடனுக்குத் தன்னைப் பிணையாக்கிக் கொள்வதையே பிக்ஹு நூல்கள் அப்பெயரால் குறிக்கின்றன. அநாதைக் குழந்தையைப் பொறுப்பேற்று வளர்ப்பவரையும் அதே வேரில் பிறந்த சொல்லால்தான் அழைக்கிறோம். வலியவன் மெலியவனின் சுமையைத் தன் தோளில் ஏற்பதே அதன் பொருள். விசா முறையோ அப்பொருளைத் தலைகீழாக்கி, மெலியவனையே வலியவனிடம் பிணையாக வைத்தது. இதைக் கண்டித்து நாம் மேடைகளில் முழங்காத நாளுண்டா? 2020-இல் கத்தர், முதலாளியின் தடையில்லாச் சான்று இன்றியே வேலை மாறும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 மார்ச்சில் சவூதி அரேபியாவும் அக்கட்டைத் தளர்த்தியது. நடைமுறையில் குறைகள் எத்தனையோ உள. எனினும் அங்கே தளர்கின்ற கயிற்றை இங்கே நாம் திரித்துக் கொண்டிருக்கிறோமே, இது தகுமா?

இந்நிலையில், தமிழகத்துக்குள் வேலை தேடி வரும் வடமாநிலத்தவருக்கு 'உள்நுழைவு அனுமதிச் சீட்டு' வேண்டுமென்னும் குரலும் எழுந்துள்ளது. நாட்டுக்குள்ளேயே ஒரு விசா! இந்திய மண்ணில் எங்கும் சென்று வாழவும் தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு உரிமை தந்திருப்பதை இவர்கள் அறியாதவரல்லர். "வந்தவர் குறைந்த கூலிக்கு உழைப்பதால் நம் பிள்ளைகளின் வேலை பறிபோகிறதே" என்பது இவர்தம் வாதம். இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடோம். வேலையின்றி நிற்கும் பிள்ளைகள் நம் தெருவிலும் உளர். ஆனால் ஒன்று கேட்கிறோம்: வந்தவர் மலிவானது எதனால்? அவரிடம் சீட்டு இல்லாததாலா, அவருக்குப் பாதுகாப்பு இல்லாததாலா? நாளை சீட்டு வழங்கினால் அதை வாங்கித் தருபவர் யார்? அதே ஒப்பந்தக்காரர்தாம். ஆதாரோடு அச்சீட்டும் அவர் பெட்டிக்குள் போகும். தொழிலாளி இன்னும் மலிவாவார். நம் பிள்ளையின் வேலை இன்னும் விரைவாகப் பறிபோகும்.

சீட்டு என்ன செய்யுமென்பதை நம்மினும் அறிந்தவர் யார்? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டம் ஏழைத் தொழிலாளியைக் காக்கவே வந்தது. அவர் பத்தாம் வகுப்புத் தேறாதவராயின், குறிப்பிட்ட சில நாடுகளுக்குச் செல்ல அரசின் அனுமதி பெற வேண்டும். ஆள் அனுப்பும் முகவர் அவரிடம் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே என்று விதியும் உண்டு. நம் ஊர்களில் நகையோ வீடோ அடகுக்குப் போகாமல் வந்த விசா எத்தனை என்று அன்பர்கள் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். அனுமதிச் சீட்டு எங்கே உண்டோ, அங்கே அதை விற்கும் தரகரும் உண்டு.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கோ இது இன்னும் நன்றாக உறைக்க வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலில் பெங்களூர்த் தமிழர் தாக்கப்பட்டபோது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்களுக்குப் புகலிடமாயிற்று ஓசூர். 2023 அக்டோபர் 7 அன்று, ஜூஜூவாடியைத் தாண்டிய சிறு தொலைவில், அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் கருகி மாண்ட பதினான்குக்கும் மேற்பட்டோர் யாவர்? விடுமுறைக் கூலிக்குச் சென்ற மாணவர் உள்ளிட்ட நம் தமிழ்ப் பிள்ளைகள். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவனங்களில் மண்ணின் மைந்தருக்கு மேலாண்மைப் பணிகளில் 50 விழுக்காடும் ஏனையவற்றில் 70 விழுக்காடும் ஒதுக்கும் மசோதாவுக்கு இசைந்து, எதிர்ப்பெழுந்ததும் நிறுத்தி வைத்தது. நாள்தோறும் பொம்மசந்திராவுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பேருந்தேறும் ஓசூர் மக்கள் அச்செய்தியைக் கேட்டு அஞ்சினார்களா இல்லையா? எல்லைக்கு அப்பால் அநீதி எனப்படுவது இப்பால் நீதியாகி விடுமா?

சட்டமே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. ஒரிசாவிலிருந்து 'தாதன்' என்னும் பெயரில் தரகர்கள் ஏழைகளை ஓட்டிச் சென்ற கொடுமை நாடறிய வெளிப்பட்டதன் விளைவாக, 1979-இல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் பிறந்தது. ஒப்பந்தக்காரருக்கு உரிமம், தொழிலாளிக்குப் புகைப்படத்துடன் கணக்குப் புத்தகம், ஒரே வேலைக்கு உள்ளூராருக்கு நிகரான கூலி, தங்குமிடம், ஊர் பெயர்ந்ததற்கு மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அது. பயணப்படி தொழிலாளியின் கடனன்று, கூட்டி வருபவரின் கடமை என்றே அச்சட்டம் விதித்தது. அவ்வளவும் ஏட்டில் இனித்தது. ஆனால் 2020 பொது முடக்கத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியபோது, அவர்களுள் மாண்டவர் எத்தனை பேர் என்னும் கணக்கில்லை என்று மைய அரசு நாடாளுமன்றத்திலேயே கூறிற்று.

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. தாமாகவே வேலை தேடி வந்தோரையும் அது தழுவுகிறது, அதை வரவேற்கிறோம். ஆனால் ஐந்து பேர் இருந்தாலே பொருந்திய பாதுகாப்பு இன்று பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்துகிறது. ஊர் பெயர்ந்ததற்கான படியும் மறைந்தது. ஒன்பது பேரை ஓரறையில் அடைத்து வைத்திருப்பவருக்கு இதைவிட நற்செய்தி வேறென்ன வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது சீட்டன்று. தொழிலாளியின் ஒப்பந்தம் அவர் படித்தறியும் மொழியில் இருக்க வேண்டும். அவருடைய அடையாள அட்டையைப் பிறர் வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். பத்து, ஐந்து என்னும் எண்ணிக்கை வரம்பு முற்றாக நீங்கி, ஒருவரே ஆயினும் சட்டம் அவரைக் காக்க வேண்டும். நிகரான வேலைக்கு நிகரான கூலி என்பதைத் தொழிற்சாலை வாயிலில் அதிகாரிகள் நின்று நிறைவேற்ற வேண்டும். அன்று வந்தவர் மலிவும் அல்லர். உள்ளூரார்க்குப் பகையும் அல்லர்.

இறுதியாக நம்மவர்க்கு ஒரு சொல். சிப்காட்டைச் சுற்றி அறை கட்டி, ஆளுக்கு இவ்வளவென வாடகை பெறுவோரிலும், ஆள் கூட்டி வருவோரிலும் நம் ஜமாஅத்தாரும் உளர். உழைத்தவன் கூலியைத் தாமதிக்கலாகாது என்னும் நபிமொழியைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வெளியே வந்து பிறன் ஆதாரைப் பூட்டி வைப்பது எந்த தீன்? பள்ளிவாசல்தோறும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை இடுங்கள். எம்மதத்தார் ஆயினும், எம்மொழியார் ஆயினும், கொண்டு வரும் தாளைப் படித்துச் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். நாம் அமர ஆயத்தமாயிருக்கிறோம்.

அன்று தாளைப் படித்து முடித்ததும் அவ்விளைஞர், "ஹஸ்ரத், இதில் நான் வீட்டுக்குப் போகலாமென்று எங்காவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். மீண்டும் ஒரு முறை படித்துப் பார்த்தோம். எழுதியிருக்கவில்லை.