வெள்ளிக்கிழமை மாலைச் சீட்டு

அமெரிக்காவின் பயிற்சி மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சை முடிந்து வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்புகிறவருக்கு ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு வலிநிவாரணியை எழுதுவது பெரும்பாலும் ரெசிடென்ட் எனப்படும் பயிற்சி மருத்துவர்தான். இத்தகைய மருந்துகளை எழுத அமெரிக்கப் போதைமருந்து அமலாக்க முகமை தரும் டி.இ.ஏ. எண் பலருக்குச் சொந்தமாக இருக்காது. மருத்துவமனையின் எண்ணோடு தமக்கு ஒதுக்கிய உள்குறியீட்டையும் ஒட்டி எழுதுவார்கள். சட்டப்படி அது செல்லும். சிக்கல் மருந்துக்கடைக் கணினியில். டி.இ.ஏ. எண் இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். அதோடு கட்டம் முடிந்துவிட்டால் அந்த வாலை எங்கே தட்டுவது? வெட்டிவிட்டால் எழுதியவர் யாரென்று தெரியாது. மருத்துவர் பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று காப்பீட்டுக் கணினியும் திருப்பி அனுப்பிவிடும்.

மருந்தாளுநர் மேல் எரிந்து விழுவதில் அர்த்தமில்லை. சீட்டு முறையானதுதானா என்று பார்ப்பதில் அவருக்கும் சட்டப் பொறுப்பு உண்டு. ஓபியாய்டு மருந்துகளைக் கவனமின்றி விற்றதாக எழுந்த வழக்குகளைத் தீர்க்க சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ் என்ற பெரிய மருந்துக்கடை நிறுவனங்கள் இரண்டும் 2022இல் தலைக்கு 500 கோடி டாலர் அளவில் தர ஒப்புக்கொண்டதைப் பார்த்தவர் அவர், தயங்கத்தான் செய்வார். என் கோபமெல்லாம் மருத்துவமனை நிர்வாகங்கள் மேல். உள்குறியீடுகளின் பட்டியலை அவ்வப்போது புதுப்பித்து, கடைக்காரர் எப்போது கேட்டாலும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பது மத்திய விதி. எப்போது கேட்டாலும்! இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் ஆபரேட்டர் வார்டுக்கு மாற்றுவார். வார்டில், அந்த டாக்டர் டியூட்டி முடிந்து போய்விட்டார் என்பார்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி காரில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? பொறுப்பு மருத்துவரின் பெயரையும், ராத்திரியிலும் ஆள் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணையும் சீட்டிலேயே அச்சிட்டுவிடலாம். செலவு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.