தமிழ்ப் பரீட்சையில் பேச்சுக்கும் மார்க் வேண்டும்



"வீட்ல பேசுறதே தமிழ்தான், இதுல தமிழ்ப் பரீட்சைக்கு என்னத்தப் படிக்கிறது?" என்று நம்ம வகுப்பில் நிறைய பேர் சொல்கிறார்கள். ஆனால் பேப்பர் திருத்தி வரும்போது சிவப்பு மையில் அதிக வட்டம் இருப்பது தமிழில்தான்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மாமா மகள் ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவுக்கு வந்திருந்தாள். ஆறாவது படிக்கிறாள். அங்கே ஆறாவது முடிவில் பி.எஸ்.எல்.இ. என்று அரசாங்கப் பரீட்சை உண்டு. இங்கிலீஷ், கணக்கு, அறிவியலோடு தாய்மொழியும் எழுத வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ் எழுதுகிறார்கள். அவள் திண்ணையில் தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள், "தமிழச்சிக்குத் தமிழ் டியூசனா?" என்று சிரித்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது. அவள் தமிழ் பேசுவது வீட்டில் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் மற்ற பாடமெல்லாம் இங்கிலீஷ். வீட்டுத் தமிழ் காதில் விழுந்த தமிழ். அதில் ற, ர வித்தியாசம் எப்படித் தெரியும்?

நமக்கு மட்டும் தெரியுதா? நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கண்டக்டர் "சோளவந்தான், சோளவந்தான் எறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார். போர்டில் சோழவந்தான். வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் சொல்கிறோம். சொல்வது போலவே எழுதினால் மார்க் போய்விடும். அதனால் எழுத்துத் தமிழை அவளும் படிக்கணும், நாமும் படிக்கணும். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அவளுக்கு ஒரு நல்லது இருக்கிறது. அந்தத் தமிழ்த் தேர்வில் மொத்தம் 200 மார்க்கில் 50 வாய்மொழிக்கு. ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு ஒரு சின்ன வீடியோ காட்டுவார்கள் (இது 2017-இல் வந்தது). அதைப் பற்றித் தேர்வாளரோடு பேச வேண்டும். 2005-இல் அங்கே ஒரு குழு தமிழ்ப் பாடத்தை ஆராய்ந்து, பேச்சுத் தமிழையும் வகுப்பில் பழக்க வேண்டும் என்று சொன்னதாம். வீட்டில் பேசினால்தான் மொழி நிற்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அதனால் இவள் எங்கள் அம்மாச்சியிடம் (அவளுக்கு அப்பத்தா) கொடிக்காலைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பேசினாள். வெற்றிலை எப்படிக் கிள்ளுவது, எப்படி அடுக்குவது என்று அம்மாச்சி சொன்னது முழுக்க அவளுக்குப் பரீட்சைக்குப் படிப்பு. ஏட்டுப் படிப்பு இல்லாத அம்மாச்சி வாத்தியார் ஆகிவிட்டது!

கொரிய மொழிக்கும் டோபிக் என்று ஒரு பரீட்சை இருக்கிறது. வெளிநாட்டில் வளர்ந்த கொரியப் பிள்ளைகளும் எழுதலாம். அதில்கூடப் பேச்சுக்குத் தனித் தேர்வு 2022-இல்தான் ஆரம்பித்தது. லேட்டானாலும் வந்துவிட்டது.

நமக்குப் பத்தாம் வகுப்பு தமிழில் 100 மார்க்கும் பேப்பரில்தான். நம்ம வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. சௌராஷ்டிரா பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் தமிழில் நன்றாகக் கதை சொல்கிறார்கள். எழுதச் சொன்னால் தப்பு வருகிறது. அவர்கள் கதை சொல்வதற்கு எங்கேயும் மார்க் இல்லை. வகுப்பில் வாயே திறக்காமல் கோனார் உரையை மனப்பாடம் செய்பவருக்கு 90 வருகிறது. மனப்பாடம் தப்பு என்று சொல்லவில்லை. செய்யுள் மனப்பாடம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது மட்டுமே தமிழா?

"இத்தனை பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பேசச் சொல்ல நேரம் ஏது?" என்று கேட்பார்கள். அறிவியலில் செய்முறைக்கு 25 மார்க் இருக்கிறதே. அதற்கு ஒவ்வொருத்தரையும் செய்யச் சொல்லிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. "தெரிந்த பிள்ளைக்குக் கூடப் போட்டுவிடுவார்கள்" என்பதும் உண்மையான பயம்தான். அதற்கு வேறு வகுப்பு டீச்சர் வந்து கேட்கலாம்.

அரசுத் தேர்வை மாற்றுவது நம் கையில் இல்லை. மாதத் தேர்வு நம்ம பள்ளியில் நடப்பதுதானே. அடுத்த மாதத் தேர்விலிருந்து 10 மார்க்கை எடுத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வைக்கும்படி தமிழ் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெரு, எங்கள் வயல், வைகையில் தண்ணீர் வந்த நாள், எதைப் பற்றியும் பேசலாம். பேசுகிறவரைப் பார்த்து யாராவது சிரித்தால், அடுத்து அவரையே எழுப்பிப் பேசச் சொல்லுங்கள் டீச்சர்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு