குளிர்காலக் குல்லாவும் பாட்டரி வண்டியும்: முதல் முடங்காமல் காப்போம்

மளிகைச் சரக்கை மட்டும் நம்பிக் கடை நடத்துவது நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றில் கிலோவுக்கு நிற்பது சொற்ப லாபமே. பெரிய அங்காடிகள் ஒரு பக்கம், கைப்பேசியில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் கொண்டு போய்க் கொடுக்கும் நிறுவனங்கள் மறுபக்கம். இந்த நிலையில் சிறு வணிகர்கள் இரண்டு வழிகளைத் தேடுகிறார்கள். ஒன்று, பருவத்துக்கு ஏற்ற பக்கச் சரக்கு வைத்து நாலு காசு கூடுதலாகப் பார்ப்பது. மற்றொன்று, ஏற்றுமதி இறக்குமதிக் கூலியையும் டீசல் செலவையும் குறைப்பது.

முதல் வழியில், கார்த்திகை பிறக்கும் முன்பே குல்லா, மப்ளர், கையுறை, காதுமூடி என்று கலர் கலராக மாதிரிப் பெட்டியுடன் விற்பனையாளர்கள் கடை ஏறுகிறார்கள். இரண்டாவது வழியில், ஓய்வு விடுதிகளும் பெரிய ஆலைகளும் கழித்துத் தள்ளும் கோல்ப் வண்டிகளையும், மூன்று சக்கர பாட்டரி வண்டிகளையும் வாங்கிச் சரக்கு நகர்த்துவது பெருகி வருகிறது.

இரண்டும் நல்ல வழிகளே. ஆனால் இரண்டிலும் ஒரே ஆபத்து இருக்கிறது. கவனக்குறைவாக இருந்தால் லாபம் போவது மட்டுமல்ல, முதலுக்கே மோசம் வந்துவிடும். இதைப் பற்றி நமது வணிகர்கள் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

விற்ற கணக்கு வேறு, நின்ற கணக்கு வேறு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குல்லாவின் கொள்முதல் விலை ரூ.120, விற்பனை விலை ரூ.180 என்று வைத்துக்கொள்வோம். 100 குல்லா வாங்கினால் முதலீடு ரூ.12,000. மார்கழி, தை முடிவதற்குள் 70 விற்றால் வரவு ரூ.12,600. கையில் நிற்பது ரூ.600 மட்டுமே. மீதி 30 குல்லா பரணில் ஏறிவிடும். அதே வணிகர் 70 குல்லா மட்டும் வாங்கியிருந்தால் முதலீடு ரூ.8,400, வரவு அதே ரூ.12,600, லாபம் ரூ.4,200 ரொக்கமாகக் கல்லாவில் இருக்கும்.

விற்பனை இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் கொள்முதலில் இருக்கிறது. "நூறு எடுத்தால் விலை குறைத்துத் தருகிறோம்" என்ற பேச்சுக்கு மயங்கி அகலக் கால் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

மீதமான பருப்பை விலை குறைத்தாவது பத்து நாளில் தள்ளிவிடலாம். பேஷன் சரக்கு அப்படியல்ல. இந்த வருஷம் இளைஞர்கள் கேட்கும் நிறமும் எழுத்தும் அடுத்த வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும். ஆகவே சமவெளி ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் வாங்கும் சரக்கில் முக்கால் பங்கு எப்போதும் போகும் சரக்காக இருக்க வேண்டும். விடியற்காலை நடைப்பயிற்சிக்கும் கோயிலுக்கும் போகும் பெரியவர்கள் கேட்பது காதை மூடும் குரங்குக் குல்லாவும் சாதாரண மப்ளரும்தான். கறுப்பு, பழுப்பு, சாம்பல், கருநீலம் ஆகிய நிறங்களுக்கு வயது கிடையாது. கைக்குழந்தைகளுக்கான பருத்திக் குல்லா பன்னிரண்டு மாதமும் விற்கும். மீதிக் கால் பங்கில் மட்டும் புதிய மோஸ்தர் வைத்துப் பார்க்கலாம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணிகள் வருஷம் முழுவதும் வருவதால் அங்குள்ள கடைக்காரர்களின் கணக்கு வேறு. அதைப் பார்த்து மதுரையிலும் திருச்சியிலும் உள்ளவர்கள் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

திபெத்திய வியாபாரிகளிடம் கற்க வேண்டியது

குளிர்காலம் வந்ததும் நமது நகரங்களில் சாலையோரம் வரிசையாகக் கடை போட்டுக் கம்பளி விற்கும் திபெத்தியர்களை எல்லோரும் பார்த்திருப்போம். 1959க்குப் பின் அகதிகளாக வந்த மக்கள் அவர்கள். கர்நாடகத்தில் பைலகுப்பே, முண்ட்கோடு ஆகிய இடங்களில் அவர்களுக்குப் பெரிய குடியிருப்புகள் உள்ளன. அவர்களில் பலருக்குச் சரக்கு வருவது பஞ்சாபில் உள்ள லூதியானாவிலிருந்து. நமக்குத் திருப்பூர் எப்படியோ அப்படி வடக்கே கம்பளிப் பின்னலாடைக்கு லூதியானா.

லூதியானா மொத்த வியாபாரிகள் பல ஆண்டுகளாக அவர்களுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்து வருகிறார்கள். காரணம் நாணயம். சீசன் முடிந்ததும் கணக்கைத் தீர்த்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் வந்து நிற்கிறார்கள். மேலும் அவர்கள் மூன்று நான்கு மாத வியாபாரத்தை மூன்று நான்கு மாத வியாபாரமாகவே நடத்துகிறார்கள். சீசன் முடியும் தறுவாயில் விலையைக் குறைத்துச் சரக்கைக் காசாக்குவார்களே தவிர, அடுத்த வருஷத்துக்கு என்று கட்டி வைப்பதில் ஆசை வைப்பதில்லை. சொந்த ஊரில் சொந்தக் கடை வைத்திருக்கும் நாம் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதா? தை மாதம் இருபது தேதிக்கு மேல் மீதமுள்ள குல்லாவை வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவது நஷ்டமல்ல. முடங்கிய பணம் மறுபடி பருப்பு மூட்டையாக மாறினால் மாதம் நான்கு முறை சுழன்று வரும்.

சரக்கை அறிந்து விற்போம்

இன்று குறைந்த விலையில் வரும் குல்லாக்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூலில் பின்னப்பட்டவை. அதில் தவறில்லை. துவைக்க எளிது, பூச்சியும் அரிக்காது. ஆனால் அக்ரிலிக்கை "ஒரிஜினல் கம்பளி" என்று சொல்லி விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். சந்தேகம் இருந்தால் ஓர் இழை நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும். விலை எதுவானாலும் உண்மையைச் சொல்லி விற்றால் அந்த வாடிக்கையாளர் மறுநாள் பருப்புக்கும் நம் கடைக்கே வருவார்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. கம்பளியைப் பூச்சியிலிருந்து காக்கப் பாச்சை உருண்டை போடுவது வழக்கம். அந்த வாடை அரிசியிலும் சர்க்கரையிலும் டீத்தூளிலும் மிக எளிதில் ஏறிவிடும். உணவுப் பொருள் உள்ள இடத்தில் பாச்சை உருண்டையை அண்டவிடவே கூடாது. கம்பளிச் சரக்கை நன்றாக வெயிலில் காயவைத்து, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டித் தனியே வைப்பதே சரி.

வண்டி மலிவு, பாட்டரி மலிவல்ல

இனி பாட்டரி வண்டிக்கு வருவோம். பழைய கோல்ப் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வண்டியின் உயிர் பாட்டரியில் இருக்கிறது. பல வண்டிகளில் 12 வோல்ட் பாட்டரி நான்கோ, 8 வோல்ட் பாட்டரி ஆறோ சேர்ந்து 48 வோல்ட் தருகின்றன. ஒரு செட்டின் விலை ரூ.40,000 என்று கொண்டால், இரண்டு ஆண்டில் போனால் ஆண்டுக்கு ரூ.20,000 செலவு. நன்றாகப் பராமரித்து நான்கு ஆண்டு ஓட்டினால் ரூ.10,000. வேறு எந்தச் சிக்கனமும் இதற்கு ஈடாகாது.

ஈய அமிலப் பாட்டரி 1859ல் பிரான்சு நாட்டு அறிஞர் பிளான்டே கண்டுபிடித்தது. அன்று முதல் இன்று வரை அதன் குணம் ஒன்றே. சார்ஜ் இல்லாமல் சும்மா கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, மறுபடி உயிர் பெறாது. பொங்கலுக்கு ஒரு வாரம் கடையை அடைத்து ஊருக்குப் போகும்போது வண்டியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டுச் செல்வது பாட்டரியைக் கொல்வதற்குச் சமம்.

வீண் செலவு இல்லாமல் நாமே செய்யக் கூடியவை இவை:

வேலை முடிந்த அன்றே சார்ஜ் போட வேண்டும். பாதிக்கு மேல் சார்ஜ் இறங்க விடக் கூடாது. ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பாட்டரி முழு சார்ஜில் சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12.2க்கு வந்தால் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஆகாது. அளவு குறைந்ததற்காக ஆசிட் ஊற்றுவது பெரும் தவறு. சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுவதே முறை. தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்குச் சிறிது முன்னதாக ஊற்றலாம்.

டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால், ஒயரைக் கழற்றி, நம் கடையிலேயே உள்ள ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். கரைசல் பாட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். பிறகு துடைத்து வாசலின் தடவினால் போதும். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

டயரில் காற்றுக் குறைந்தாலும் பிரேக் பிடித்தபடி இருந்தாலும் கரண்ட் அதிகம் இழுக்கும். கையால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெயிலில் நிறுத்துவதையும் அளவுக்கு மீறிய பாரத்தையும் தவிர்க்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமுள்ள இடத்தில், சாக்கு மூட்டைகளுக்கும் உணவுப் பொருளுக்கும் எட்டத்தில் சார்ஜ் போட வேண்டும். அருகில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. லித்தியம் பாட்டரி வண்டியில் தண்ணீர் வேலை இல்லை. ஆனால் அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது.

பழைய பாட்டரியை வீட்டுப் பக்கம் உடைத்து ஈயம் எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். 2022ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகள் திரும்பப் பெறப்பட்டு முறையாக மறுசுழற்சி செய்யப்படுவது உற்பத்தியாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது நமக்கும் லாபம். பதிவும் காப்பீடும் இல்லாத வளாக வண்டியைச் சாலையில் ஓட்டுவதும் ஆபத்து. விபத்து நேர்ந்தால் கடையையே விற்றாலும் ஈடுகட்ட முடியாது.

சங்கங்கள் செய்ய வேண்டியது

தனி ஒருவர் பேசினால் கம்பெனிக்காரர்கள் காது கொடுப்பதில்லை. ஊர்ச் சங்கம் சார்பில் பத்துப் பதினைந்து கடைகள் சேர்ந்து குளிர்காலச் சரக்கை வாங்கினால், விற்காததில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையைக் கேட்டு வாங்க முடியும். அதே போல் சங்கத்துக்கு ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு வோல்ட் மீட்டர் வாங்கி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் ஒருவரை வரவழைத்து எல்லா வண்டிகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். செலவைப் பகிர்ந்தால் ஒரு கடைக்கு ஆகும் தொகை மிகச் சிறியது.

பெரிய நிறுவனங்களுக்கு ஒரு சீசன் சரக்கு தேங்கினால் அது கணக்கில் ஒரு வரி. நமக்கோ அது பிள்ளைகளின் படிப்புப் பணம், பெண்ணின் கல்யாணப் பணம். ஆகவே அடுத்த சீசனுக்குக் கொள்முதல் செய்யும் முன் சென்ற ஆண்டின் விற்பனைச் சிட்டையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இன்று இரவு கடை அடைக்கும் முன் வண்டிக்குச் சார்ஜ் போட்டாயிற்றா என்றும் பாருங்கள். சேர்ந்து நிற்போம், முதலைக் காப்போம்.